பணம் போன வழி: கிராஃப் டேட்டாபேஸா, ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸா?

வங்கிக் கணக்குகளுக்கிடையே பணம் போன வழியைத் தேடும் வேலை என்றாலே, முதல் கூட்டத்திலேயே யாராவது கிராஃப் டேட்டாபேஸ் (கணக்குகளை நோடு என்னும் புள்ளிகளாகவும், பரிமாற்றங்களை அவற்றுக்கிடையேயான இணைப்புகளாகவும் சேமிப்பது) என்பார்கள். தரவு வலைபோல் இருப்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. கேள்வி என்ன என்று பார்க்க வேண்டும். "இந்தக் கணக்கிலிருந்து மூன்று கை மாறிப் பணம் எங்கே போனது, எந்தத் தேதியில்?" என்பது ஒரு புள்ளியில் தொடங்கும் கேள்வி. நியோ4ஜே போன்ற கிராஃப் டேட்டாபேஸ்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை. மொத்தக் கணக்குகள் எத்தனை கோடியானாலும், நேரம் பெரும்பாலும் அக்கம்பக்கத்தின் அளவைத்தான் பொறுத்தது. (இரண்டு தாவல்தான், அதாவது இரண்டு கை மாறுவதுதான் என்றால், இண்டெக்ஸ் போட்ட சாதாரண எஸ்க்யூஎல் டேபிளே போதும்.) எல்லாக் கணக்குகளுக்கும் பேஜ்ரேங்க் (இணைப்புகளை வைத்து முக்கியத்துவத்துக்குத் தரும் மதிப்பெண்) போட வேண்டுமா? அங்கே மேட்ரிக்ஸ்தான்: அனுப்பும் கணக்குக்கு ஒரு வரிசை, பெறும் கணக்குக்கு ஒரு நெடுவரிசை, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தொகை. பெரும்பாலான கட்டங்கள் பூஜ்யம் என்பதால்தான் அது ஸ்பார்ஸ்.

1 கோடி கணக்குகள், 10 கோடி இணைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முழு மேட்ரிக்ஸில் கட்டத்துக்கு 1 பைட் என்றாலும் 100 டெராபைட் ஆகும். சிஎஸ்ஆர் (வரிசை வரிசையாகச் சுருக்கிய) வடிவில் பூஜ்யமல்லாதவை மட்டுமே இருக்கும்: ஒவ்வோர் இணைப்பிலும் நெடுவரிசை எண்ணுக்கு 4 பைட், மதிப்புக்கு 4 பைட், வரிசைத் தொடக்கங்களுக்கு மொத்தமாக 40 எம்பி. ஆக 840 எம்பி, லேப்டாப்பிலேயே அடங்கிவிடும்.

அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. சிஎஸ்ஆரில் ஓர் இணைப்பைப் புதிதாகச் செருகினால் பின்னால் உள்ளதெல்லாம் நகர வேண்டும். அதனால் சிஓஓ என்னும் (வரிசை, நெடுவரிசை, மதிப்பு) பட்டியலாகச் சேர்த்துக்கொண்டு ஒரே தடவையில் மாற்றுவார்கள். சைபை என்ற பைத்தான் நூலகத்தில் அப்படி மாற்றும்போது, அதே இருவருக்கிடையே நடந்த பத்துப் பரிமாற்றங்களும் கூட்டப்பட்டு ஓர் எண்ணாகிவிடும். தொகைக்கு அது சரி. 'இணைப்பு உண்டு' என்பதற்கு 1 போட்டிருந்தால் 10 வந்து நிற்கும். தேதியும் போய்விடும்: பி-யிலிருந்து சி-க்குத் திங்களன்றும், ஏ-யிலிருந்து பி-க்குச் செவ்வாயன்றும் பணம் போயிருந்தால், ஏ-யின் பணம் சி-க்குப் போயிருக்க முடியாது. மேட்ரிக்ஸ் அதையும் வழி என்றே காட்டும்.

இரண்டு தாவலுக்கு மேட்ரிக்ஸைத் தன்னோடேயே பெருக்குவது அடுத்த பொறி. 1 லட்சம் பேரிடம் வாங்கி 1 லட்சம் பேருக்குக் கொடுக்கும் ஒரே ஒரு வாலட் கணக்கு இருந்தால் போதும், 1,000 கோடி ஜோடிகள் முளைத்து நினைவகம் நிரம்பிவிடும். வேண்டிய கணக்குகளை மட்டும் வெக்டராக எடுத்து மேட்ரிக்ஸால் இருமுறை பெருக்குங்கள். அதே வாலட் கணக்கு சைஃபர் (நியோ4ஜேயின் வினவல் மொழி) வினவலையும் முடக்கும் என்பதால், எந்தப் பக்கம் போனாலும் அதை முதலில் விலக்கி வைப்பது நல்லது.

பெரிய இடங்களில் இரண்டும் சேர்ந்தே ஓடும்: டேட்டாபேஸிலிருந்து இரவில் ஏற்றுமதி, மேட்ரிக்ஸில் கணக்கீடு, மதிப்பெண் திரும்ப நோடுக்கு. இங்கே சத்தமில்லாமல் கெடுவது எண் பொருத்தம். கணக்கு எண்ணை 0, 1, 2 என்று வரிசை எண்ணாக மாற்றும் பட்டியலை மேட்ரிக்ஸோடு சேர்த்தே சேமிக்க வேண்டும். மறுநாள் புதிதாகத் தயாரித்த பட்டியலை நேற்றைய மேட்ரிக்ஸோடு சேர்த்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஒருவரின் மதிப்பெண் இன்னொருவர் தலையில் விழும். திரும்ப எழுதுவதற்கு முன் இருபது கணக்குகளை எடுத்து, அவற்றின் இணைப்பு எண்ணிக்கை இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ் பக்கம் எண்ணும்போது பரிமாற்றங்களை அல்ல, எதிர்க்கணக்குகளை எண்ண வேண்டும்.