ஊற்றுக்கண்ணில் புதைத்த ஜாயின்ட்

"பட்டாளத்துல என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்பவர்களிடம் "லைன்மேன்" என்பேன். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிவிடும். துப்பாக்கிக் கதை கேட்க வந்தவருக்குக் கரண்ட்டு கம்பத்தில் ஏறுகிற ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும்? நானும் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். கேபிள் இழுப்பது, புதைப்பது, ஜாயின்ட் போடுவது, மாஸ்ட் நட்டு ஆன்டெனா ஏற்றுவது, அறுந்தால் ராத்திரியென்றும் பாராமல் போய்க் கட்டுவது, இதுதான் என் உத்தியோகம். 1987இல் சேர்ந்து ஜபல்பூரில் பயிற்சி எடுத்தேன். 2011இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். ராணுவத்தின் தகவல் தொடர்பைப் பார்க்கும் எங்கள் சிக்னல்ஸ் படைக்கு அந்த வருடம்தான் நூறு வயது நிறைந்தது. நூற்றில் இருபத்து நாலு எனக்குச் சேர்ந்தது என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன்.

ராஜஸ்தானிலும் இருந்தேன், வடகிழக்கிலும் இருந்தேன். பாலைவனத்தில் கேபிள் ரொம்ப நாள் தாங்கும். மணல் மூடும், தோண்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசிப் போஸ்டிங்காக நீலகிரிக்கு வந்தபோது, பிறந்த மண்தானே, எல்லாம் பழக்கம்தானே என்ற மிதப்பு இருந்தது. நான் அரவங்காட்டில் வளர்ந்தவன். ஆனால் மழையில் நனைந்து வளர்ந்தது வேறு, அந்த மழையிலிருந்து ஒரு கம்பியைக் காப்பாற்றுவது வேறு என்பது வந்த பிறகுதான் உறைத்தது.

இந்த மலையில் தண்ணீர் மழையாக மட்டும் வருவதில்லை. மூடுபனியாக வரும், ஜனவரியில் உறைபனியாக வரும். ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோ-ஆக்ஸ் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் அதற்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். ராத்திரி குளிரில் சுருங்கி, வெளியிலிருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். கேபிள் மூச்சுவிடுகிறது என்றுதான் நாங்கள் சொல்வோம். கனெக்டரில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். உள்ளே வந்த ஈரம் செம்புப் பின்னல் வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஊர்ந்து போகும். அப்படிக் கெட்டுப்போன கேபிள் ஒன்றைப் புதிதாக வந்த பையன்கள் முன்னால் அறுத்துக் காட்டினேன். பளபளவென்று இருக்க வேண்டிய பின்னல் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. தலைகீழாகப் பிடித்து விரலால் அழுத்தி இறக்கினால் உள்ளங்கையில் மூன்று சொட்டுத் தண்ணீர். ஆன்டெனா வரைக்கும் போக வேண்டிய சக்தியில் பாதியை அந்தத் தண்ணீர் வழியிலேயே தின்றிருந்தது.

அதனால் கனெக்டர் மேல் டேப் சுற்றுவதில் எனக்குக் கண்டிப்பு அதிகம். ஓடு வேய்வது போலக் கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் தனக்குக் கீழே இருக்கும் சுற்றின் மேல் தண்ணீரை வடியவிடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணம். குளிரில் ரப்பர் டேப் ஒட்டாது, ஆகவே மாஸ்ட்டில் ஏறுவதற்கு அரைமணி முன்பே டேப்பைச் சட்டைக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வோம். பையன்கள் சிரிப்பார்கள். ஒரு ஜனவரிக் காலையில் விரல் மரத்துப்போய் மேலே நிற்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

ஆன்டெனா பிழைப்புக்காரன் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டி பக்கத்தில் இருக்கும் முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்க்கப் போனேன். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இலிருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மலைச்சரிவின் சாய்வு ஏறக்குறைய 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. மலையைத் தேடிப் பிடித்து ஆன்டெனாவை அதன் மேல் படுக்க வைத்திருக்கிறார்கள். பிரதிபலிப்பான் முழுக்க 1,100 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். வேலியோரம் நின்று பார்த்தபோது, இத்தனை கம்பிக்கும் தொய்வு பார்க்கிறவன் எவனோ என்றுதான் எனக்குத் தோன்றியது. விஞ்ஞானம் தோன்றவில்லை. தொழில் புத்தி.

2009 நவம்பர் மழையை இந்த மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 10ஆம் தேதி பதிவான கணக்கில் கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். ஊர் ஊராக மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். மலை ரயில் நின்றது, ரோடு அறுந்தது. எங்கள் லைன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. சரிவோடு போனவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக இழுத்தோம், முடிந்தது.

என்னைப் படுத்தியது சரியாத இடத்தில் செத்த ஒரு கேபிள். 1,400 மீட்டர், தேயிலைத் தோட்ட ஓரமாகப் புதைத்தது. மேலே மண் கலையவே இல்லை. கம்பியின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மெக்கரை வைத்தால் முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது. நல்ல கம்பி ஒன்றையும் கெட்ட கம்பியையும் மறுமுனையில் சேர்த்து முடிந்து, இந்த முனையில் பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணக்குச் சொல்லும் பிரிட்ஜ் கருவியை வைத்து முள் நடுவில் நிற்கும்வரை திருப்பினோம். கணக்கு 610 மீட்டர் என்றது. டேப் பிடித்து அளந்துகொண்டே போய்த் தோண்டினோம். இரண்டடி ஆழத்தில் ஜாயின்ட் தட்டுப்பட்டது.

பையன் சேற்றைத் துடைத்து ஈயத் தகட்டைப் படித்தான். ஜாயின்ட் போட்ட தேதியும் போட்டவர் எழுத்தும் அதில் குத்தியிருக்கும். படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது... உங்க எழுத்துதான்."

இரண்டு வருடத்துக்கு முன் நானே போட்டது. டேப் கிழிந்திருக்கவில்லை, சுற்றிய சுற்றும் சரி. ஆனால் பெட்டி முழுக்கத் தண்ணீர். நம்பவே முடியவில்லை.

அந்தத் தோட்டத்துப் பாட்டி, படுகர் வீட்டு மனுஷி, எங்களுக்குக் கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தார்.

"இங்க ஏன் வச்சீங்க? இது ஊத்து."

"இங்க தண்ணியே இல்லையே பாட்டி?"

"நாங்க சின்னப் பிள்ளையில குடம் வச்சது இங்கதான். மேல சோலை போனதும் வத்திடுச்சு. மழை பெருத்தா அதுக்குத் தன் எடம் தெரியும்."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. பத்தடி மேலே பாறை மண்ணு, கடப்பாரை இறங்கவில்லை. இந்த இடத்தில் மண்வெட்டி வெண்ணெயில் போவது போலப் போனது. சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது, நல்ல மண்ணு என்று சொல்லிக் குழி வெட்டினேன். ஏன் அந்த ஒரு இடம் மட்டும் மெத்தென்று இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எத்தனை நல்ல டேப் சுற்றினாலும் ஊற்றுக்கண்ணில் மாசக்கணக்காக மூழ்கிக் கிடந்தால் ஒரு நாள் உள்ளே வரத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் காரணம் எழுதும் கட்டத்தில் "மழை" என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "ஜாயின்ட் இடம் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் ஒரு காரணம், ஒளிப்பானேன்.

அடுத்த நாள் கடப்பாரையோடு போய்ப் பாறை மண்ணிலேயே அரைநாள் குத்தி, ஜாயின்ட்டை மேலே மாற்றினோம். பழைய குழியை மூடப் போனபோது இன்னொன்று உறைத்தது. கொஞ்சம் மேலே இருந்த எங்கள் மாஸ்ட்டுக்கு எர்த் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. இடி இறங்கினால் அது மண்ணுக்குள் ஓடிப்போக வழி வேண்டும். வறண்ட பாறையில் வழி கிடையாது. கரியும் உப்பும் கொட்டி, கோடையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் எர்த்தின் தடை 14 ஓமுக்குக் கீழே இறங்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் வரக் கூடாதென்று அக்குளில் டேப் சூடாக்கிக்கொண்டிருந்தோம். மறுபக்கம் அதே தண்ணீரைக் குடம் குடமாக மண்ணுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

பாட்டியிடம் கேட்டு, அந்தக் குழியிலேயே எர்த் தகட்டை இறக்கி, மாஸ்ட்டிலிருந்து செம்புப் பட்டையைக் கொண்டுவந்து முறுக்கினோம். மீட்டரில் 3 ஓம்.

"தோண்டி என்ன கெடைச்சுது?" என்று பாட்டி கேட்டார். தண்ணிதான் என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, அதைத்தானே நேத்தே சொன்னேன் என்று போய்விட்டார்.