கிராமங்களைக் குலுக்கும் ஆய்வு: மாதிரி அளவு எங்கே இடறுகிறது

ஆட்களுக்குப் பதில் கிராமங்களையே குலுக்கல் முறையில் ஒப்பீட்டுக் குழுக்களாகப் பிரிக்கும் ஆய்வில் வழக்கமான மாதிரிக் கணக்கு உதவாது. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவுதான் ஐசிசி (ICC) எனும் புள்ளியியல் எண்.

இதனால் மாதிரியை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பதற்கான சூத்திரம் சின்னது: ஊருக்கு எத்தனை பேரோ அதில் ஒன்றைக் கழித்து, ஐசிசியால் பெருக்கி, 1 கூட்டுங்கள். ஊருக்கு 50 பேர், ஐசிசி 0.02 என்றால் 1.98. சாதாரணக் கணக்கில் 800 பேர் போதுமென்றால் இங்கே 1,584 பேர், 32 ஊர்கள் வேண்டும். ஊர்களைக் குறைக்கலாமே என்று ஊருக்கு 100 பேர் எடுத்தால் பெருக்கம் 2.98 ஆகிவிடும்: 2,384 பேர், 24 ஊர்கள். எட்டு ஊரை மிச்சம்பிடிக்க 800 பேர் கூடுதல். பயணச் செலவு மிக அதிகமாக இருந்தாலொழிய இது நஷ்ட பேரம்.

அடுத்த இடறல் பாதியில் விலகுபவர்கள். 15% பேர் விலகுவார்கள் என்றால் பலர் அந்த 1,584-ஐ 1.15-ஆல் பெருக்கி 1,822 என்று எழுதிவிடுகிறார்கள். அதில் கடைசியில் மிஞ்சுவது 1,549 பேர்தான். 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 1,864.

ஆய்வு முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட் (CONSORT) வழிகாட்டி, இத்தகைய ஆய்வுகளுக்காக 2012-இல் வெளியிட்ட விரிவாக்கம் ஐசிசியை அறிக்கையில் தரச் சொல்கிறது. அடுத்து திட்டமிடுபவருக்கு அந்த ஓர் எண்தான் பிடிமானம். அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.