ஓமனில் ஆங்கிலம் கற்பிக்கப் போனேன்: சான்றிதழ் முதல் வகுப்பறை வரை

ஓமனில், நிஸ்வாவில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் வேலை உறுதியான அன்றே கவலையும் தொடங்கியது. காரணம் என் இனிஷியல். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டிலோ அதே எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போட்டு எல்லாவற்றோடும் இணைத்தேன். வளைகுடாவுக்குக் கிளம்பும் நம்மவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகள் ஏற்பதற்கான சான்று. ஓமன் 2012-லேயே அந்த உடன்படிக்கைக்குள் வந்துவிட்ட நாடு. பட்டத்துக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர். இந்த வரிசையை மாற்ற முடியாது. ஏஜென்ட் மூலம் கொடுத்தும் மூன்று வாரம் ஆனது. அசல் சான்றிதழ் கையில் இல்லாத அந்த நாட்களில் எனக்குச் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

விசா வந்தது. மஸ்கட்டில் இறங்கி, ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் முடித்து, ரெசிடென்ட் கார்டுக்காக ராயல் ஓமன் போலீஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரமாணப் பத்திரத்தைத் தயாராக மடியில் வைத்திருந்தேன். கைரேகை எடுத்த அதிகாரி பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைத் தொட்டு, "அபூக்?" என்றார். உன் அப்பாவா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். அவர்கள் வழக்கமும் அதுதானே: தன் பெயர், 'பின்' (அரபியில் 'மகன்'), அப்பா பெயர், பிறகு தாத்தா பெயர், கடைசியில் குலப்பெயர். ஊரில் கவுன்டர் கவுன்டராக விளக்கிய விஷயம் அங்கே ஒரே சொல்லில் முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை ஞாயிறு முதல் வியாழன் வரை. பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன் வகுப்புதான் எனக்கு. திஷ்தாஷா என்ற நீள அங்கியும் குமா தொப்பியுமாகப் பையன்கள் ஒரு பக்கம், அபாயா அங்கியில் பெண்கள் மறுபக்கம். ஆணோ பெண்ணோ, ஆசிரியர் எல்லாருக்கும் "டீச்சர்"தான்.

அரபியில் 'பஸ்'ஸின் முதல் ஒலி (b) உண்டு, 'பல்'லின் முதல் ஒலி (p) கிடையாது. அதனால் வண்டியை நிறுத்துவதும் (park) நாய் குரைப்பதும் (bark) அவர்கள் வாயில் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடும். இதற்குப் பழைய உத்தி ஒன்று உண்டு. வாய்க்கு நேராகக் காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்ல வேண்டும். p ஒலிக்குக் காகிதம் ஆடும், b ஒலிக்கு அசையாது. முதல் நாள் நான் செய்து காட்டினேன், காகிதம் அசையவே இல்லை. தமிழில் நாம் p ஒலிக்கு மூச்சைத் தள்ளுவதில்லை. இத்தனை வருடம் ஆங்கிலத்திலும் அப்படியே சொல்லி வந்திருக்கிறேன். அன்றிரவு அறையில் கண்ணாடி முன் நின்று, காகிதம் ஆடும்வரை பழகினேன். மறுநாள் அவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வகுப்பு எனக்கு வசமானது என்று நினைக்கிறேன்.

கட்டுரைகளில் ஓயாமல் வந்த பிழை, 'மை ஃபாதர் டீச்சர்'. நடுவில் வினைச்சொல் இல்லை. முதல் வாரம் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் போர்டில் அவர்கள் வாக்கியத்தைக் கேட்டு எழுதினேன்: 'அபீ முதர்ரிஸ்'. கீழே தமிழில், 'என் அப்பா ஆசிரியர்'. உங்கள் மொழிக்கும் என் மொழிக்கும் அந்த இடத்தில் வினை வேண்டாம், ஆங்கிலத்துக்கு மட்டும் வேண்டும் என்றேன். பிழை ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் தாங்களே திரும்பிப் பார்த்துத் திருத்தத் தொடங்கினார்கள்.

வகுப்பு முடிந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். போர்டைப் பார்த்து 'அப்பா' என்று எழுத முயன்றிருந்தான். வலப்பக்கம் 'அ', அதற்கு இடப்பக்கம் 'ப்', கடைசியாக 'பா'.