ஜனவரி குளிரில் டேபிள் ராக் ஏரி: ஜிக்கும் பாஸ் மீனும்

பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கிறவர்களில் பலர் நவம்பரோடு தூண்டிலை மூலையில் சாத்திவிட்டு மார்ச்சில்தான் மறுபடி கையில் எடுப்பார்கள். எனக்கு ஜனவரிதான் பிடித்த மாதம். ஏரியில் கூட்டம் இருக்காது, ஜெட் ஸ்கீ சத்தம் இருக்காது. மீன்கள் அங்கங்கே சிதறித் திரியாமல் ஆழத்தில் சில இடங்களில் மட்டும் அடைந்து கிடக்கும். அந்த இடம் தெரிந்து, ஜிக் என்ற கனமான செயற்கை இரையும் போதிய பொறுமையும் இருந்தால் போதும். சென்ற ஜனவரியில் மிசௌரி மாநிலத்து டேபிள் ராக் ஏரியில் அப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வந்தேன்.

ஆர்கன்சாவின் பென்டன்வில் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். அங்கிருந்து இந்த ஏரியின் ஷெல் நாப் கரைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. உடன் வந்தவர் தூத்துக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி. விடியும் முன்பே கிளம்பி, 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் சண்டை ஒன்று நடந்த பீ ரிட்ஜ் களத்தைத் தாண்டி, 37ஆம் எண் சாலையில் வடக்கே ஏறினோம். வழி முழுக்க ஓசார்க் மலைத்தொடரின் இலை உதிர்ந்த ஓக் மரங்கள், நடுநடுவே கரும்பச்சையாக, இலை உதிர்க்காத சீடர் (cedar) மரங்கள். வண்டி மானி காட்டிய வெப்பநிலை மைனஸ் 5.

டேபிள் ராக் இயற்கையான ஏரி அல்ல. வைட் ரிவர் ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1954இல் அணை கட்டத் தொடங்கி 1958இல் முடித்தது. நீர்ப்பரப்பு ஏறத்தாழ 43,000 ஏக்கர். தண்ணீர் ஏறியபோது பல ஓடைகளில் மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சீடர் மரங்கள் இன்றும் நீருக்குள் பட்டுப்போய் நிற்கின்றன. பழைய ஆற்றுத்தடம் எங்கே வளைந்து கரையை ஒட்டி வருகிறதோ, அங்கே ஆழம் சட்டென்று இறங்கும். குளிர்காலத்தில் பாஸ் தேட வேண்டிய இடம் அதுதான். ஆழமும் மேடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மீன் அதிகம் நீந்தாமலே மேலேயும் கீழேயும் போய்வரலாம்.

அதிகம் நீந்தாமல் என்பதுதான் இதில் முக்கியம். மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. அன்று மேல்மட்ட நீர் 7 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் பாஸின் செரிமானம் மந்தமாகிவிடும், பசியும் குறைந்துவிடும். கோடையில் எதிரே பாய்கிற எதையும் துரத்துகிற அதே மீன், இப்போது வாய்க்குப் பக்கத்தில் வருவதை மட்டும்தான் எடுக்கும். அதனால்தான் ஜிக்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். முதலில் ஒரு ஈயத் தலை. நாங்கள் போட்டது ரக்பி பந்து வடிவத்தில் குறுக்குவாட்டில் அகன்ற தலை, எடை அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம். அந்த அகலத்தால் கற்களின் இடுக்கில் எளிதில் சிக்காமல் உருண்டு ஏறி இறங்கும். தலையிலிருந்து ஒற்றை முள். முள்ளுக்கு முன்னால் விறைப்பான நார்க்கற்றை ஒன்று காவலாக நிற்கும், கட்டையில் கொளுவாமல் இருக்க. கழுத்தைச் சுற்றி சிலிக்கான் இழைகளால் ஒரு பாவாடை, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். முள்ளில் ரப்பர் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் வால் ஒன்றைக் கோத்துவிடுவோம், இரண்டு கொடுக்கு வைத்தது. கரைக்கு வந்த பிறகும் அந்தப் பாவாடையை விரல்களால் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீரில் ஜிக் அசையாமல் கிடக்கும்போதும் அந்த இழைகள் மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருக்கும். நாம் ஒன்றுமே செய்யாத நேரத்திலும் அது வேலை செய்கிறது.

பாஸ் அதை கிராஃபிஷ் என்று நினைத்துத்தான் எடுக்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் நடுவிலான உருவம், நன்னீரில் கல்லுக்கடியில் வாழும். ஓசார்க் ஓடைகளில் ஏராளம்.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி இந்த ஏரியிலேயே வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். ஷெல் நாப் பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், கூழாங்கல் கரை ஒன்று ஆற்றுத்தடத்தை நோக்கி நீளும் இடத்தில் படகை நிறுத்தினார். 25 அடி ஆழம். வீசியதும் தூண்டில் நரம்பைத் தளர்த்தி விட வேண்டும். அது ஓடிக்கொண்டே போய் ஓரிடத்தில் தொய்ந்து நின்றால் ஜிக் தரை தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ரீலைச் சுற்றி இழுக்கக் கூடாது. ராடை, அதாவது தூண்டில் கம்பை, பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்த வேண்டும், நிறுத்த வேண்டும், தொய்வை மட்டும் சுற்றிக்கொள்ள வேண்டும். மறுபடி ஒரு முழம். "மெதுவாகப் போகிறோம் என்று தோன்றினால், அதைவிடப் பாதி வேகம்" என்றார் அவர்.

கூழாங்கல்லில் ஜிக் நகர்ந்தால் நரம்பில் பொடிப்பொடியாக அதிர்வு வரும். பெரிய கல்லில் ஏறினால் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, டக்கென்று விழும். சேறு என்றால் சத்தமே இல்லாத கனம். மரக்கிளை என்றால் விறைத்துக்கொண்டு வளையும், விட்டால் திரும்ப இழுக்கும். கொஞ்ச நேரத்தில் கண்ணால் பார்க்காத ஒரு தரை முழுவதும் ஆள்காட்டி விரல் வழியே மனதுக்குள் வந்துவிடுகிறது. இதற்காகவே நான் குளிரில் போகிறேன். மீன் மாட்டாத மணி நேரங்கள்கூட வீணாகத் தோன்றுவதில்லை.

குளிர்காலத்தில் மீன் இரையைக் கொத்துவது கொத்துவதாகவே தெரியாது. முதல் மீன் அண்ணனுக்குத்தான். சின்ன வயதில் தங்கூசி நரம்பை விரலில் சுற்றிக் கைத்தூண்டில் போட்டுப் பழகியவர். ராடை அப்படியே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, கொத்தவே இல்ல. கனமால்லா இருக்கு."

வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ராடு முனையைப் பார்த்தே புரிந்துகொண்டு, "இழுங்கள்" என்று கத்தினார். அண்ணன் தொய்வைச் சுற்றிக்கொண்டு ராடைப் பக்கவாட்டில் வீசி இழுத்தார். வெண்கல நிறத்தில், உடம்பில் மேலிருந்து கீழாக இறங்கும் கோடுகளோடு ஸ்மால்மவுத் வகைப் பாஸ் ஒன்று வந்தது. 17 அங்குலம். கையில் வாங்கிப் பார்த்தேன், தண்ணீரைப் போலவே சில்லென்று இருந்தது.

நாங்கள் தேடும் பாஸ் இந்த ஏரியில் மூன்று வகை: லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத், இந்த ஊர்க்காரர்கள் கென்டக்கி என்று சொல்லும் ஸ்பாட்டட். கென்டக்கியும் லார்ஜ்மவுத்தும் பார்க்க ஒன்றுபோல இருந்தால் வாய்க்குள் கட்டைவிரலை வைத்து நாக்கைத் தடவிப் பார்க்கலாம். கென்டக்கியின் நாக்கில் சொரசொரப்பாகப் பல்வரிசைத் திட்டு ஒன்று தட்டுப்படும். எனக்கு அன்று கிடைத்தவை பெரும்பாலும் அதுதான். எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை இங்கே எப்படியும் விட்டுவிட வேண்டும்.

விடுவதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ரொம்ப ஆழத்திலிருந்து மேலே வரும்போது நீரழுத்தம் குறைந்து மீனின் காற்றுப்பை உப்பிவிடும். அப்புறம் அது கீழே இறங்க முடியாமல் வயிறு மேலாக மிதக்கும். எங்கள் வழிகாட்டி 30 அடிக்குக் கீழே இருந்த மீன்களைத் தொடவே இல்லை. படகில் இருந்த மீன் காட்டும் திரையில் கூட்டமாகத் தெரிந்தும் கடந்து போனார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அங்கேதான்.

திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். படகின் முன்னால் என்ன நீந்துகிறது என்பதை அந்த நொடியே காட்டும் சோனார் கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. குளிர்காலத்தில் மரங்களின் உச்சியில் ஷாட் என்ற சின்ன மீன்களுக்காகக் காத்து மிதக்கும் பாஸை, திரையில் பார்த்துக் குறிவைத்துப் பிடிக்கிறார்கள். நிறையவும் பிடிக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் தரையோடு தரையாகக் கல்லில் ஒட்டிக் கிடக்கும் மீன் அந்தத் திரையில் சரியாகத் தெரியாது. அதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

குளிரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராடின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு ஓடாமல் நின்றுவிடும். முனையைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தால் கரையும். விரல் நுனி திறந்த கையுறை அவசியம், இல்லாவிட்டால் நரம்பு பேசுவது தெரியாது. மிதவைச் சட்டையைப் படகில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கழற்றவே கூடாது. இந்தத் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு தாறுமாறாகிவிடும், நீச்சல் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். உரிமம் விஷயமும் கேட்பார்கள்: ஆர்கன்சாவில் குடியிருந்து அங்கே உரிமம் எடுத்தவர்கள், வைட் ரிவர் எல்லை ஏரிகளுக்கான கூடுதல் அனுமதி வாங்கினால் டேபிள் ராக்கின் மிசௌரிப் பக்கத்திலும் பிடிக்கலாம்.

மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியதும் கிங்ஸ் ரிவர் கிளைக்குள் ஒதுங்கினோம். அங்கே தண்ணீர் சற்றுக் கலங்கல், லார்ஜ்மவுத்துக்கு ஏற்றது. மூழ்கிய மரம் ஒன்றின் அடியில் ஜிக்கை நிறுத்தி வைத்திருந்தேன். நரம்பு தானாகவே இடப்பக்கம் நகர்ந்தது. விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. இழுத்ததும் ராடு வளைந்தபடியே நின்றது. நான்கு பவுண்டைத் தாண்டிய, வயிறு தடித்த பெண் மீன். வாயின் ஓரத்தில் கிராஃபிஷ் மீசை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டி அதைக் கிள்ளி எடுத்து, என் ஜிக்கின் பாவாடை நிறத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மார்ச்சில் நீர் 10 டிகிரியைத் தாண்டும்போது இதே மீன்கள் முட்டையிடுவதற்காக இதே கூழாங்கல் கரைகளில் படிப்படியாக மேலே ஏறத் தொடங்கும். ஜிக்கும் கூடவே 10 அடி ஆழத்துக்கு ஏறும். அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே போனை எடுத்து மார்ச்சுக்கு லீவு போட்டுவிட்டார்.