தண்டச்செலவு சென்சாருக்கு, ஓட்டை மேனிஃபோல்டு பேக்கிங்கில்

மதுரை ரிங் ரோட்டில் பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கப் போனதில் வண்டி ஃபெயில். 2011 மாடல் பெட்ரோல் கார், பிஎஸ்4, ஆர்சி புதுப்பிக்க வேண்டிய வருஷம். ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்க்ரீனில் 1.6 என்று நின்றது. செக் எஞ்சின் லைட் பத்து நாளாக எரிகிறது, மைலேஜ் 15-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது. அந்த ஸ்க்ரீனைப் போனில் போட்டோ எடுத்ததோடு சரி, அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் மிச்சம்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். வந்த எரர் கோடு பி0131: முன் ஓ2 (ஆக்சிஜன்) சென்சாரின் வோல்டேஜ் குறைவு. "சென்சார் அவுட்டுண்ணே, மாத்திருவோம்" என்றார் மெக்கானிக். பி0131 அப்படிச் சொல்லவே இல்லை. சைலன்சர் லைனில் ஆக்சிஜன் அதிகம் என்று சென்சார் சொல்கிறது, அவ்வளவுதான் அந்தக் கோடுக்கு அர்த்தம். சென்சார் செத்தும் இருக்கலாம், நிஜமாகவே பெட்ரோல் குறைவாகப் போகலாம், வெளிக்காற்று எங்காவது உள்ளே நுழையலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். யாரும் பார்க்கவில்லை. 1,850 ரூபாய்க்குக் கனெக்டர் இல்லாமல் வரும் ஒரு யுனிவர்சல் சென்சார், கூலி 400. பழைய சென்சாரின் கனெக்டரை வயரோடு வெட்டி, புது சென்சாரோடு முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் லைட் மறுபடி வந்தது. இந்த முறை பி0135, அதாவது சென்சாரைச் சூடேற்றும் ஹீட்டரின் சர்க்யூட். கூடவே பி0132, சிக்னல் வோல்டேஜ் அதிகம்.

ஹீட்டர் கோடு எதனால் வந்தது என்பது டேப்பைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. பழையது டென்சோ சென்சார். அதில் கறுப்பு வயர் இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை சிக்னல் கிரவுண்டு. புதுசு பாஷ் கலர் முறையில் வந்தது. அதில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்டு. அவர்கள் கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை சேர்த்து, மிச்சத்தை மிச்சத்தோடு முறுக்கியிருந்தார்கள். ஹீட்டருக்குப் போக வேண்டிய 12 வோல்ட், ஒரு வோல்ட் கூடத் தாங்க வேண்டிய அவசியமில்லாத சிக்னல் லைனில் ஏறிவிட்டது. புது சென்சார் காலி. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ தப்பியது அதிர்ஷ்டம். யுனிவர்சல் சென்சார் போட்டே ஆக வேண்டுமென்றால் பெட்டிக்குள் இருக்கும் கலர் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடச் சொல்லுங்கள். சால்டரும் வைக்கக் கூடாது, வயரை அழுத்திச் சேர்க்கும் கிரிம்ப்தான். சென்சார் புகையோடு ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றை வயர் இழைகளுக்கு நடுவே இழுத்துக்கொள்கிறது. ஈயம் உருகி அந்த வழியை அடைத்தால் அளவு தப்பும். கனெக்டரில் கிரீஸ் தடவுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

இரண்டாவது தடவை ஒர்க்‌ஷாப்பை நம்பாமல் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டர், போனில் ஒரு ஆப். தேவை அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் முதல் நாள் எடுத்த லைவ் டேட்டாவின் போட்டோவும் இருந்தது. அதில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் பிளஸ் 21. அதாவது கலவை வறண்டிருக்கிறது, பெட்ரோல் குறைவு என்று நம்பி ஈசியூ வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. பத்துக்குள் இருந்தால் கவலையில்லை, இருபதைத் தாண்டினால் எங்கோ கோளாறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நுனியெல்லாம் கரி, அடுப்புச் சட்டி மாதிரி. நிஜமாகவே வறண்ட கலவை என்றால் பிளக் வெளுத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பொல்யூஷன் ஸ்க்ரீன் போட்டோ ஞாபகம் வந்தது. கார்பன் மோனாக்சைடு 1.6 என்றால் பெட்ரோல் மிஞ்சிப் பாதி வெந்து வெளியேறுகிறது. பின்னால் வரும் புகை பெட்ரோல் அதிகம் என்கிறது, முன்னால் இருக்கும் சென்சார் குறைவு என்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இரண்டு இடத்துக்குத்தான் போக வேண்டும்: ஒன்று சென்சாரே தப்பாகச் சொல்கிறது, இல்லையென்றால் சிலிண்டருக்கும் சென்சாருக்கும் நடுவே சைலன்சர் லைன் ஏர் பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் துடிப்புத் துடிப்பாகத்தான் வரும். இரண்டு துடிப்புக்கு நடுவே லேசாக உள்ளிழுப்பு ஏற்படும்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து ஆக்சிஜன் அதிகம் என்று உள்ளதை உள்ளபடிதான் சொல்கிறது. ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. இன்டேக் பக்கம் வேக்குவம் ஹோஸ் லீக் ஆனாலும் ட்ரிம் இப்படி ஏறும், ஆனால் அதில் பிளக் கறுக்காது, கார்பன் மோனாக்சைடும் ஏறாது.

லீக்கைப் பிடிக்கக் காலையில் வண்டி முழுக்க ஆறிய நிலையில் பார்க்க வேண்டும். சூடேறினால் இரும்பு விரிந்து ஓட்டை தானே அடைத்துக்கொள்ளும். மதுரை வெயிலில் மத்தியானம் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஸ்டார்ட் பண்ணியதும் ஒருவர் தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் எஞ்சினோடு சைலன்சர் லைன் சேரும் மேனிஃபோல்டு ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும். மூன்றாவது போர்ட்டின் அடியில் கொப்புளம் கிளம்பியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அதே இடத்தில் பென்சிலால் கோடு கிழித்தமாதிரி ஒரு கறுப்புத் தடம்.

பழைய சென்சாரை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கி வந்தது இப்போது உதவியது. வைஸில் பிடித்து, சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து, ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் கேஸ் டார்ச்சால் நுனியைச் சூடாக்கினோம். 300 டிகிரிக்கு மேல்தான் அது பேசவே ஆரம்பிக்கும். ஒரு நிமிஷம் போனதும் 0.86 வோல்ட். தீயை விலக்கினால் சடாரென்று 0.1-க்குக் கீழே. மறுபடி காட்டினால் உடனே மேலே. ஹீட்டர் வயர்களில் 6 ஓம். தூக்கிப் போட்ட சாமான் நன்றாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. (ஓம் அளவு ஹீட்டர் வயருக்கு மட்டும்தான். சிக்னல் வயரில் ஓம் மோட் வைக்காதீர்கள்.)

கனெக்டர் வெட்டுப்பட்டதால் திரும்ப மாட்ட மனமில்லை. அது ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒரு காரணம். வடக்கு வெளி வீதியில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கனெக்டரோடு வரும் டைரக்ட் ஃபிட் கேட்டேன். வண்டிப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் போடும் இரண்டாவது சென்சார். வயர் நீளம் வேறு. அடுத்த நாள் மறுபடி அதே கடை, மாற்றித் தர அரைமணி நேரப் பஞ்சாயத்து. சேஸிஸ் நம்பரையும் பழைய சென்சாரின் உடம்பில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரையும் முதலிலேயே கொண்டுபோயிருக்க வேண்டும்.

அந்த ஜாயின்ட்டின் நடுவில் ஓட்டையான பேக்கிங்கை மாற்றுவது சுலபம், மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட்டு போல்ட் முறியாதவரை. முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டும் ஒரு ஸ்டட்டு எஞ்சின் ஹெட்டோடு மட்டமாக முறிந்தது. ட்ரில் போட்டால் ஹெட்டின் அலுமினியத் த்ரெட் நாசமாகும். பழங்காநத்தம் பக்கமிருந்து லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்து முறிந்த நுனியில் நட்டை வைத்து வெல்டு அடித்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுத்துவிட்டார். பத்து நிமிஷம், முந்நூறு ரூபாய். மொத்தக் கூத்திலும் மனசார எடுத்துக் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

மூடும்போது உதவிக்கு வந்தவர் பேக்கிங் மேல் சிலிக்கான் தடவக் கிளம்பினார். "கொஞ்சூண்டு போட்டா லீக்கே வராதுண்ணே." லீக் வருகிறதோ இல்லையோ, சென்சார் வேலை செய்யாது. சிலிக்கான் ஆவி சென்சார் நுனியில் படிந்தால் அதோடு சரி. மேனிஃபோல்டு பேக்கிங்கை வெறுமனேதான் போட வேண்டும், நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்க வேண்டும்.

சென்சாருக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், வயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட் என்றால் இன்னும் நல்லது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றினால் த்ரெட் உரியாது. புதுசில் த்ரெட் இறுகிப் பிடிக்காமல் இருக்க ஆன்டி சீஸ் பசை தடவியே வரும். மேலே தடவினாலும் த்ரெட்டில் மட்டும், நுனியில் பட்டால் வீண். வயரைக் கிளிப்பில் மாட்டாமல் தொங்கவிட்டால் சைலன்சரில் பட்டு உருகி மறுபடி பி0135 வரும். இன்னொன்று, கர்டர் பாலத்துக்கு அடியில் மழைத் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். கொதிக்கிற சென்சார் தண்ணீரில் முங்கினால் உள்ளே செராமிக் விரிசல் விடலாம்.

எரர் கோடுகளை அழித்து 60 கிலோமீட்டர் ஓட்டியதும் 2,500 ஆர்பிஎம்மில் சிக்னல் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கியது, பத்து விநாடியில் எட்டுத் தடவைக்குக் குறையாமல். ட்ரிம் பிளஸ் 6-இல் நிலைத்தது. அது பூஜ்ஜியத்துக்கு வரவில்லையே என்று இன்னொரு சென்சார் வாங்கிவிடாதீர்கள். இப்போது பங்கில் கிடைப்பது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட எத்தனால் அதிகம் வேண்டும், அதனால் பழைய வண்டியின் ஈசியூ அந்த அளவுக்குக் கூட்டித்தான் ஊற்றும்.

திரும்ப அதே பொல்யூஷன் சென்டர். இந்த முறை 0.08. சர்டிபிகேட்டை நீட்டியவர் "சென்சார் மாத்துனீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"பேக்கிங் மாத்துனோம்" என்றேன். நம்பவில்லை.