வாடைக்காற்றும் அன்னபூரணியும்

13 ஜனவரி 2024, சனிக்கிழமை

மதியம் இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டு வடகரையிலுள்ள வல்வெட்டித்துறைக்கு வந்து சேர்ந்தேன். பையை வைத்துவிட்டு நேரே கடற்கரைக்குப் போனபோது வாடைக்காற்று கண்ணில் உப்பைத் தெளித்தது. வடக்கே முழுவதுமாகத் திறந்து கிடக்கும் இந்தக் கரைக்கு வாடைக் காலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. முருகைக்கல் பாறைகளின் மேல் அலை ஓயாமல் உடைந்துகொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட கரையில் கப்பல் கட்டினார்கள் என்பதை வெளியூர் நண்பர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இங்கே துறைமுகம் என்று காட்டுவதற்கு எதுவும் இல்லை.

இவ்வூரார் காற்றைத் திசையால் அல்ல, பெயரால் அறிந்தவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். சோளகத்தில் பாய் விரித்து வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவுக்குப் போய், அரிசியும் தேக்கும் ஏற்றி, காற்று மாறியதும் திரும்பிய கப்பல்களுக்கு இந்த நான்கு பெயர்களே நாட்காட்டியாக இருந்தன.

14 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

காலை முழுவதும் பெரியப்பாவோடு திண்ணையில் இருந்தேன். எண்பதைத் தாண்டிய அவர் கடலோடியவர் அல்லர். ஆனால் கடலோடிகளின் பேச்சுக்குள் வளர்ந்தவர். கப்பலின் உறுப்புகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அடியில் நெடுகக் கிடப்பது ஏரா. அதன் மேல் விலா எலும்புகளைப் போல் எழுபவை வங்குகள். முன்புறம் அணியம், பின்புறம் அமரம். பலகைகளுக்கு இடையிலுள்ள நீக்கலில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் அடைப்பது கலப்பத்து. கப்பலை நடத்துபவர் தண்டையல். கட்டுபவர் மேத்திரியார்.

காடில்லாத குடாநாட்டில் மரத்துக்கு எங்கே போனார்கள் என்று கேட்டேன். வளவுகளில் நின்ற வேம்பும் இலுப்பையும்தான் என்றார். வேம்பின் கசப்பைக் கடற்புழு அண்டாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. நேராக வளர்ந்த மரம் மட்டும் போதாது. இயற்கையாகவே வளைந்த கிளையும் வேண்டும், ஏனென்றால் வெட்டி வளைத்த வங்கைவிட வளைந்தே வளர்ந்த வங்குக்கு உறுதி அதிகம். "நிண்ட மரத்திலயே வங்கைக் கண்டுபிடிக்கிறவன்தான் மேத்திரி" என்று பெரியப்பா சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

15 ஜனவரி, தைப்பொங்கல்

மாலையில் உதயசூரியன் கடற்கரையில் பட்டத் திருவிழா. கூட்டத்தில் காலூன்ற இடமில்லை. பட்டத்தோடு நூலைப் பூட்டும் முச்சையின் கயிற்றில் ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் பட்டம் குத்தென விழும் என்பதால், இளைஞர்கள் அதை அவிழ்த்தும் கட்டியும் காற்றுக்குப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய்க்கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் பழகிய கைகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பாவிடம் சொன்னதற்கு, அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் விண் பூட்டிய பட்டங்களின் இரைச்சல் இரவிலும் கேட்கிறது.

16 ஜனவரி, செவ்வாய்க்கிழமை

இவ்வூர்க் கப்பல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் அன்னபூரணியில்தான் வந்து நிற்பார்கள். 1930ஆம் ஆண்டளவில் இங்கே கட்டப்பட்ட அந்த இரட்டைப் பாய்மரக் கப்பலின் நீளம் 89 அடி, அகலம் 19 அடி. முன்னர் 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய தோழர்களும் 1937இல் கொழும்பிலிருந்து புறப்பட்டு, சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அட்லாண்டிக்கில் பெர்முடாவைத் தொட்டு, 1938 ஓகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்சிலுள்ள குளோஸ்டர் துறையில் நங்கூரமிட்டார்கள். குளோஸ்டரும் பாய்க்கப்பல் மீனவர்களின் ஊர். மரக்கப்பலின் தரத்தை அறியாதவர்கள் அங்கே அன்று குறைவாகவே இருந்திருப்பார்கள்.

பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கா போனதால்தான் அது நல்ல கப்பல் என்பது போல் நாம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அதை யாரும் கட்டவில்லை. அது சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட சாதாரணக் கப்பல். சாதாரணக் கப்பலே அவ்வளவு தூரம் தாங்கியது என்றால், பெயர் தெரியாமற்போன மற்றக் கப்பல்களும் அதே கைகளின் வேலைதானே? நீராவிக் கப்பல்கள் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அந்தக் கடல்வழி அடைபட்டது. சுதந்திரத்துக்குப் பின் சுங்கமும் குடிவரவுச் சட்டமும் பாக்கு நீரிணைக்குக் குறுக்கே வேலி போட்டன. மேத்திரிமாரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள்.

17 ஜனவரி, புதன்கிழமை

புறப்படும் நாள். 89 அடி எவ்வளவு நீளம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கிணற்றுக் கயிற்றையும் பட்டநூலையும் முடிந்து, கிணற்றடி வேம்பில் ஒரு முனையைக் கட்டி, முழத்தால் அளந்துகொண்டே வந்தேன். முற்றத்தைக் கடந்து, படலையைத் தாண்டி, ஒழுங்கையின் நடுவில் போய்த்தான் அளவு முடிந்தது. பெரியப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு அங்கே வரைக்கும் வந்து, "அப்ப இது அமரம், சுக்கான் இதிலதான் வரும்" என்று நிலத்தில் ஒரு கோடு கீறினார். அந்த வழியாக வந்த முச்சக்கர வண்டிக்காரர், நாங்கள் கயிற்றைச் சுருட்டி எடுக்கும்வரை கோட்டுக்கு அந்தப் பக்கமே காத்திருந்தார்.