ரயில் போன வழியில் சைக்கிள்

இத்தாலியில் சைக்கிள் பயணம் என்றாலே எல்லோரும் டஸ்கனியைத்தான் கேட்கிறார்கள். அழகுதான், சரி. ஆனால் வண்டி இரைச்சலே இல்லாத வழி வேண்டுமா, பக்கத்து உம்ப்ரியாவுக்குப் போங்கள்.

ஸ்போலெட்டோவிலிருந்து நோர்சியாவுக்கு மலைக்குள் ஒரு சின்ன ரயில் 1926 முதல் ஓடியது. 1968-இல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது சரளைப் பாதை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். ரயிலுக்காக வெட்டிய வழி என்பதால் செங்குத்து ஏற்றம் கிடையாது, மலையைச் சுற்றிச் சுற்றி நிதானமாக மேலே போகும். உயரமான கல் பாலங்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள். கப்ரரேச்சா சுரங்கம் மட்டும் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர்! உள்ளே கும்மிருட்டு, கோடையிலும் குளிரும். நல்ல விளக்கும் ஒரு ஜாக்கெட்டும் கட்டாயம். அப்புறம் ‘நேரா’ என்கிற ஆற்றின் பள்ளத்தாக்கு வரை இறக்கம்தான்.

2016 நிலநடுக்கம் நோர்சியாவைக் கடுமையாகப் பாதித்தது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, வட இத்தாலியில் கார்டா ஏரிக்கரைப் பெஸ்கியேராவிலிருந்து மாந்தோவா வரை மின்ச்சோ ஆற்றோரப் பாதை. 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பெரும்பாலும் சமதளம். வழியில் வலேஜோ வரும். மதியச் சாப்பாட்டை அந்த ஊர் டோர்டெல்லினிக்கென்று (உள்ளே பூரணம் வைத்த பாஸ்தா) ஒதுக்கி வையுங்கள்.